ஒரு காதைத் திறந்து வைத்து விளையாடுகிறவனுக்கு

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மூன்று வரியைப் போட்டுவிட்டால் எனக்குக் கை தானாக ஓடும். ஆலங்குடி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பதின்மூன்று வருடமாகப் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று ஊரார் மனுவையெல்லாம் தட்டிக் கொடுத்தவள் நான். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறியிருக்காது. இந்தக் கடிதத்தை மட்டும் மூன்று நாளாக அடிப்பதும் அழிப்பதுமாக இருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகள் குன்றாண்டார்கோவில் பக்கம் அப்படியே கிடக்கின்றன. அதை விட்டுவிட்டு, சென்னைக்குப் போகும்போது நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் முன்னால், உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது ஐயா. இது மனுவில் போடுகிற ஐயா இல்லை, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற ஐயா. உன் அப்பா இறந்துபோன அந்த மத்தியானத்தைப் பற்றி உன்னிடம் பதினான்கு வருடமாக மறைத்த ஒன்றை இதில் சொல்லப் போகிறேன். சொன்ன பிறகு நீ என்னை முன்போல அம்மா என்று கூப்பிடுவாயா என்பதுதான் பயம்.

நேராக அந்த நாளுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. நம் பழைய சண்டையில் இருந்து வருகிறேன். உனக்கும் எனக்கும் வேறு எதற்கும் பெரிய சண்டை வந்ததில்லை. இந்த ஒன்றுக்குத்தான் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினோம். அப்பா சிங்கப்பூரில் இருந்து கடைசி லீவுக்கு வந்தபோது உனக்கு வாங்கி வந்த கேம் கன்சோலா, நீயே பாகம் பாகமாகச் சேர்த்து மாட்டிய கம்ப்யூட்டரா என்கிற சண்டை. அந்தக் கன்சோலைக் கூடத்து டிவியில் மாட்டி நீங்கள் இருவரும் கார் ஓட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிவியில் கார் இடப்பக்கம் திரும்பினால் உன் அப்பாவும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சாய்வார். ஒருமுறை அப்படியே சரிந்து பாயில் விழுந்துவிட்டார். "பிரேக் எங்கடா வச்சிருக்கானுக?" என்று அவர் கத்த, நீ சிரிப்பை அடக்க முடியாமல் கூடத்தில் உருண்டாய். அவர் போன பிறகு கன்சோல் பரணுக்குப் போனது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில், யாரோ கழித்துவிட்ட ஒரு கேபினெட்டை வாங்கி வந்தாய். ஒரு மாதம் மதர்போர்டு, இன்னொரு மாதம் ரேம் என்று திருச்சிக்குப் பஸ் ஏறி ஏறி வாங்கி வந்து மாட்டினாய். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு நீ உள்ளே கையை விடும்போதெல்லாம் கரண்ட் அடித்துவிடுமோ என்று நான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.

"அதான் அப்பா வாங்கிக் குடுத்த பெட்டி பரண்ல முழுசாக் கெடக்கே, அதுல வெளையாடுனா என்னய்யா?" என்பேன். "அதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம்மா. அதுல கட்டை விரலால தடவித் தடவிக் குறி பாக்கணும். மவுசுன்னா எங்கிட்டு நெனைக்கிறோமோ அங்கிட்டுப் போயி நிக்கும்" என்பாய். அது பூட்டின பெட்டி, கம்பெனிக்காரன் கொடுத்ததோடு சரி, இதில் நமக்கு வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம், பத்து வருடத்துக்கு முந்தைய கேமும் ஓடும், அதே பெட்டியில் ப்ராஜெக்டும் செய்யலாம் என்று அடுக்குவாய். நானும் விடமாட்டேன். கடைக்கு மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுக்க வருகிற பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, டிவியில் என்றால் பெரிதாகத் தெரியுமே, சாய்ந்து உட்கார்ந்து ஆடலாமே, போட்டவுடன் ஓடுமே, உன்னுடையதைப்போல அப்டேட் அப்டேட் என்று அரை நாள் சுற்றிக்கொண்டிருக்காதே என்று வாதாடுவேன். கன்சோல் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் எனக்கு வேலை போட்டுக் கொடுத்திருப்பான்.

நான் சொன்ன காரணம் ஒன்றுகூட என் காரணம் இல்லை. கன்சோல் கூடத்தில் இருக்கும், கம்ப்யூட்டர் அறைக்குள் இருக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். உன் அப்பாவுக்குப் பிறகு மூடிய கதவைக் கண்டால் எனக்கு ஆகாது. ஏசி கடையின் கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டாலும் திரும்பிப் பார்ப்பேன். நீயோ காற்றில் அடித்துக்கொள்கிறது என்று கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு உள்ளே யாரிடமோ பேசுவாய். "செத்துட்டேன்டா, என்னைய விட்டுட்டு நீங்க போங்கடா" என்று உன் குரல் வரும். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவேன். கதவைத் தள்ளிப் பார்த்தால் நீ மிக்சர் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாய். செத்தவன் பத்து வினாடியில் திரும்ப எழுந்து துப்பாக்கியோடு ஓடுவான் என்பது ஸ்கிரீனைப் பார்த்தால் தெரியும், கதவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? கரண்ட் போய் யூபிஎஸ் கத்தினாலும் ஓடி வருவேன். ஒருநாள் நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது ஆசாரியைக் கூப்பிட்டு உன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்து நீ அந்த ஆணி ஓட்டைகளைப் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். பதினைந்து வயதுப் பிள்ளையின் கதவில் நான் அப்படிக் கை வைத்திருக்கக் கூடாது. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயத்தில் உன்னைத் தப்பாக நினைத்திருந்தேன். ஒன்று, உன் மேஜை. எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் மேஜை சுவரை ஒட்டி, சுவரைப் பார்த்து இருக்கும். நீ மட்டும் அதை அறையின் குறுக்கே இழுத்துப் போட்டு, உன் முதுகு சுவருக்கும் முகம் வாசலுக்குமாக உட்காருவாய். நான் உள்ளே வந்தால் ஸ்கிரீனின் பின்புறமும் ஒயரும்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரியக் கூடாத எதையோ பார்க்கிறான் என்று எத்தனை நாள் மனதுக்குள் கரித்துக் கொட்டியிருக்கிறேன் தெரியுமா? துணி மடித்து வைக்கிற சாக்கில் பின்னால் வந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். மலையும் காடும் நாலு பேர் ஓடுவதும்தான் தெரிந்தது. இரண்டாவது, உன் ஹெட்போன். வலது காதை மூடியிருக்கும், இடது காதுப் பகுதி பின்னால் தள்ளி மண்டையில் உட்கார்ந்திருக்கும். இது இந்தக் காலத்து ஸ்டைல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பெருமைப்பட்டதும் உண்டு. என் பிள்ளை எந்த விளையாட்டில் இருந்தாலும் ஒரே கூப்பாட்டுக்கு எழுந்து வருவான் என்று கடையில் அளக்காத நாள் இல்லை. "எங்க வீட்டுப் பயலைக் கூப்புட்டா காது செவிடு மாதிரி இருக்கான்க்கா, ஒங்க புள்ளை எப்புடி?" என்று பக்கத்து இ-சேவை மையத்துப் பெண் பொருமுவாள். நான் "ஐயா" என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் நீ சமையலறை வாசலில் நிற்பாய். அங்கே உன் சிநேகிதர்கள் "டேய் எங்கடா போற, பாதியில விட்டுட்டு!" என்று ஹெட்போனுக்குள் கத்திக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் நாலு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது, எழுந்து போனால் தோல்விதான் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். உப்பு டப்பாவை எடுத்துத் தரக்கூட நான் உன்னைக் கூப்பிட்டுத் தோற்க வைத்திருக்கிறேன். நீ ஒருநாள்கூட "இரும்மா" என்று சொன்னதில்லை. அது பணிவு என்று நினைத்தேன். வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

போன வாரம் முகூர்த்தப் புடவை எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தோம். திருமயத்தில் இருந்து நிவேதாவும் அவள் அம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். உனக்கு வாய்த்திருக்கிறவள் வாயாடி, எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அம்மா பார்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் புகார் வாசிக்க ஆரம்பித்தாள். "வீடியோ கால்ல பேசிக்கிட்டே வெளையாடுறாங்க அத்தை. ஹெட்போனை ஒத்தக் காதுல மட்டும் மாட்டியிருக்காங்க. சரி, இன்னொரு காது எனக்குன்னு நெனைச்சேன். கேட்டா, அது எனக்கு இல்லையாம்!" என்றாள். வேறு யாருக்காம் என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். "'யாராவது தம்பின்னு கூப்புட்டா கேக்கணும்ல'ங்கிறாங்க அத்தை. மெட்ராஸ்ல தனியா ரூம் எடுத்து இருக்கவரை யாரு வந்து தம்பின்னு கூப்புடப் போறா? சொல்லிட்டு அவங்க சிரிக்கவும் இல்லை." மடியில் விரித்திருந்த அரக்குப் புடவை கீழே சரிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. வெயிலில் வந்தது தலை சுற்றுகிறது என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

நம் வீட்டில் உன்னைத் தம்பி என்று யாரும் கூப்பிட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. நான் கூப்பிடுவதில்லை. அந்த மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை, ஐயா என்று மாற்றிக்கொண்டேன். நீ அதைக் கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. கடைசியாக இந்த வீட்டில் தம்பி என்று கூப்பிட்டது உன் அப்பா. அப்படியென்றால் நீ அதைக் கேட்டிருக்கிறாய். புடவைக் கடையில் உட்கார்ந்து எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கன்சோல் என்றால் கூடத்து டிவிக்கு முன்னால், அறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அதனால்தான் உன் மேஜை வாசலைப் பார்த்திருக்கிறது. கன்சோல் சத்தம் வீட்டையே அடைக்கும். அதனால்தான் உனக்கு ஒற்றைக் காது ஹெட்போன். ஒரே கூப்பாட்டுக்கு நீ ஓடி வந்தது பணிவினால் இல்லை, என்னைப்போல நீயும் பயந்து பயந்துதான் ஓடி வந்திருக்கிறாய். மவுசில் குறி நன்றாக விழும் என்று நீ சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் காரணம் அதுவல்ல.

இனி அந்த மத்தியானம். நெஞ்சு எரிகிறது, ஊறுகாய் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு உன் அப்பா சாப்பிட்ட கையோடு படுக்கப் போனார். டிவி சத்தத்துக்காகக் கதவைச் சாத்திக்கொண்டார். நீ கூடத்தில் கன்சோலில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் சமையலறையில் கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். அவர் சிங்கப்பூருக்குக் கிளம்பப் பத்து நாள்தான் இருந்தது, கொடுத்துவிட வறுத்தேன். அப்போது அறைக்குள் இருந்து "தம்பி" என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "தம்பி" என்றார், இழுத்தாற்போல. இரண்டையும் நான் கேட்டேன் ஐயா. இரண்டையும் தெளிவாகக் கேட்டேன். விளையாட்டுச் சத்தத்துக்காக உன்னைச் சத்தம் போடுகிறார் என்று நினைத்தேன். "சவுண்டைக் கொறடா, அப்பா தூங்கட்டும்" என்று அடுப்படியில் இருந்தே சொன்னேன். நீயும் குறைத்தாய். அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. தூங்கிவிட்டார் என்று நானும் கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்தேன். நாலு மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு போய்த்தான் கதவைத் திறந்தேன்.

நான் சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை. உன் அப்பா பதினைந்து வருடக் குடும்பத்தில் ஒருநாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ பிறக்கும் வரை "இந்தா" என்பார். நீ பிறந்த பிறகு எனக்கும் உன் பெயர்தான். "தம்பி, தண்ணி" என்றால் நான் சொம்பை எடுத்துக்கொண்டு போவேன். "தம்பி, துண்டு எங்கிட்டுக் கெடக்கு?" என்றால் நான் தேடுவேன். நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுகூட வீட்டில் தம்பி, தம்பி என்று குரல் கேட்கும். உன் பெரியம்மா ஒருமுறை, "பள்ளிக்கூடத்துல இருக்கவனை ஏன் இங்கேருந்து கூப்புடுறீங்க, வருவானா?" என்று கேலி செய்தாள். சிங்கப்பூரில் இருந்து போன் போட்டு "தம்பி சாப்டாச்சா?" என்று கேட்டால் நான் சாப்பிட்டதைத்தான் சொல்வேன். உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் "டேய்" என்பார், இல்லையென்றால் முழுப் பெயரைச் சொல்வார். இத்தனை வருடமும் தம்பி என்றால் நான் என்று தெரிந்தவள், அந்த ஒரே ஒரு மத்தியானம் அதை உன் பெயராக எடுத்துக்கொண்டேன். அவர் கூப்பிட்டது உன்னை இல்லை. என்னை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். அந்த வராந்தாவில் உன் பெரியப்பா என்னைப் பார்த்து, "ஒரு கொரல்கூடவா குடுக்கலை அவன்?" என்று கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஒன்னும் கேக்கலையே" என்றேன். அப்போது நீ, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ட்ரவுசரோடு நின்றுகொண்டு, "நான்தான் பெரியப்பா சவுண்டு ஜாஸ்தியா வச்சு வெளையாடிக்கிட்டு இருந்தேன்" என்றாய். "அந்தச் சனியனை மொதல்ல தூக்கிப் பரண்ல போடுங்க" என்று அவர் பல்லைக் கடித்தார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். இல்லை, நான் கேட்டேன், நான்தான் போகவில்லை என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. புருஷன் கூப்பிட்டும் போகாதவள் என்று ஊர் சொல்லிவிடுமே என்று பயந்தேன். அந்தப் பயத்தில் என் பாரத்தை உன் தலையில் ஏற்றிவிட்டு, பிறகு அதே கன்சோலை வருடா வருடம் துடைத்து எடுத்து வந்து, அப்பா வாங்கிக் கொடுத்தது, விளையாடேன்யா என்று உன் முன்னால் நீட்டியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. நீ அதைத் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று யோசிக்கத்தான் பயந்தேன்.

முதல் "தம்பி" கேட்டபோது, இந்த ஒரு ரேஸ் முடியட்டும் என்று இருந்தாயா? நான் போகவில்லையே என்று இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தாயா? என்னிடம் ஒருநாள் கேட்டிருக்கக் கூடாதா என்று எழுதினேன், உடனே அழித்தேன். கேட்கிற மாதிரி நான் இருந்திருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். நாலு நாள் போன் எடுக்காவிட்டாலும் நான் தாங்கிக்கொள்வேன் என்று எழுதத்தான் ஆசை. தாங்குவேனா என்று தெரியவில்லை. சொல்லாமலே செத்துப்போனால் நீ ஆயுசுக்கும் ஒற்றைக் காதோடு இருப்பாயே, நாளைக்கு உன் பிள்ளை ராட்டினத்தில் பாதிச் சுற்றில் இருக்கும்போது யாரோ எங்கோ தம்பி என்று கூப்பிட, நீ அதை விட்டுவிட்டு ஓடுவாயே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு அம்மா என்ன சொல்லி அனுப்பினாள் என்று யாராவது கேட்டால் சொல்ல உனக்கு ஒன்றே ஒன்று தருகிறேன். நிவேதாவை நிவேதா என்று கூப்பிடு. கூட்டத்தில், பஸ்ஸில், அவள் அம்மா வீட்டில், எங்கே இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடு. ஒரு பிள்ளை பிறந்த பிறகு அதன் பெயரை அவளுக்கு வைத்துவிடாதே. அவளையும் உன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல். பெரியப்பா முகம் சுளித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவரிடம் நான் பேச வேண்டிய வேறொரு பேச்சும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்கப் போகும்போது அந்த வராந்தாவில் சொல்லாததை அவரிடமும் சொல்லிவிடுவேன். அவர் சொன்னால் ஊருக்கும் தெரியும். தெரியட்டும்.

நேற்று அதே ஆசாரியைக் கூப்பிட்டு உன் அறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. "பழைய ஓட்டை அப்புடியே இருக்கேம்மா, நீங்க ஏன் அன்னைக்குக் கழட்டச் சொன்னீங்க?" என்று கேட்டார். நான் டீ போடப் போய்விட்டேன். மறுவீட்டுக்கு வந்து தங்கும்போது உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். நான் வெளியே நின்று கேட்கமாட்டேன். கேட்கத் தோன்றினால் கடைக்குப் போய்விடுவேன்.

உன் பழைய ஹெட்போன் இங்கே மேஜையில்தான் கிடக்கிறது. அதை எடுத்து மாட்டிப் பார்த்தேன். முதலில் ஒரு காது, பிறகு இரண்டு காதும். ஃபேன் சத்தம் போய்விட்டது, ரோட்டில் போகிற பஸ் ஹாரன் போய்விட்டது. யாராவது கூப்பிட்டால் கேட்காதே என்று கழற்றக் கை போனது. எடுக்காமல் நூறு வரைக்கும் எண்ணினேன். எடுத்தபோது வீடு அப்படியேதான் இருந்தது. எனக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் போன் பண்ணுகிறேன், உன் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அதுவரைக்கும் எந்தக் குரலுக்காகவும் நீ காத்திருக்க வேண்டாம். அன்றைக்குக் கூப்பிட்ட குரல் எனக்கு வந்தது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீ இரண்டு காதையும் மூடிக்கொண்டு விளையாடு, தம்பி.